ஜோ ஹீனி: பக்கவாத்தியம் இல்லாத ஒரு குரல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களோடு பாட்டுப் பகிரும் ஒரு குழுவில் நான் அவ்வப்போது ஜோ ஹீனியின் பாடல் ஒன்றைப் போட்டுவிடுவேன். போட்ட ஐந்தாவது நிமிடம் கேள்வி வந்துவிடும்: "யார் இந்தத் தாத்தா? பின்னணி இசை எங்கே? பதிவு பாதியில் நின்றுவிட்டதா?" ஒரே பதிலைப் பல தடவை தட்டச்சு செய்து அலுத்துப்போனதால், வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியிருப்பேன், சிலவற்றுக்கு ஒரே வரி. அது என் விருப்பு வெறுப்பு.

யார் இவர்?

அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில், கால்வே மாவட்டத்தின் கானமாரா பகுதியில், கார்னா என்ற ஊரை ஒட்டிய சிறு கிராமத்தில் 1919இல் பிறந்தவர். தாய்மொழி ஐரிஷ். ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் கூலி வேலை செய்தார். 1966இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். நியூயார்க்கில் அடுக்குமாடி வீட்டு வாயிற்காவலராக இருந்தார். கடைசியில் பல்கலைக்கழகத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1984 மே 1 அன்று சியாட்டிலில் இறந்தார். ஐரிஷ் பழம்பாடல் பாடியவர்களில் 20ஆம் நூற்றாண்டின் பெரிய பெயர் எது என்று கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்வது இவர் பெயராகத்தான் இருக்கும்.

ஒரு பதிவில் ஜோ ஹீனி, இன்னொன்றில் வேறு ஏதோ பெயர். இருவரும் ஒருவர்தானா?

ஒருவர்தான். ஆங்கிலத்தில் ஜோ ஹீனி. ஐரிஷ் இசைத்தட்டுகளின் உறையில் ஷோசவ் ஓ ஹேனி. ஊர்க்காரர்கள் வாயில் ஜோ ஏன்யூ. தேடும்போது மூன்றையும் போட்டுத் தேடுங்கள். இரண்டாவது பெயரில் கிடைக்கும் பதிவுகள்தான் என் கணக்கில் சிறந்தவை.

ஷான்-நோஸ் என்கிறார்களே, அது என்ன?

'ஷான்' என்றால் பழைய, 'நோஸ்' என்றால் முறை, வழக்கம். வாத்தியம் இல்லாமல், ஒருவர் தனியாக, பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் பாடும் முறை இது. பாடிக்கொண்டிருந்தவர்கள் இதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. அவர்களுக்கு அது வெறும் பாட்டு. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஐரிஷ் மொழியை மீட்கக் கிளம்பியவர்கள் ஐராக்தஸ் என்ற கலைவிழாவைத் தொடங்கிப் போட்டிகள் நடத்தினார்கள். பியானோவோடு பாடும் நகரத்துப் பாட்டையும் கிராமத்துப் பாட்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. அப்படி நிலைத்த பெயர்தான் 'பழைய முறை'.

விருத்தம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சீக்கிரம் பிடிபடும். தாளக்கட்டு கிடையாது, சொல் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் குரல் போகும். ஆனால் விருத்தத்தில் இருப்பதுபோல ராகத்தை அங்கேயே பிறப்பித்து விரிக்கும் சுதந்திரம் இதில் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மெட்டு உண்டு, நான்கு வரிக்கு ஒரு சுற்று. பாடகர் அந்த மெட்டுக்குள்ளேயே நின்று, ஒரு சுற்றில் ஒரு சொல்லை நீட்டுவார், அடுத்த சுற்றில் அதே இடத்தில் ஒரு சின்னச் சுழிப்பு வைப்பார், மூன்றாவதில் நேராகக் கடந்து போவார். சுழிப்புகள் எங்கே வருகின்றன, எங்கே வராமல் போகின்றன என்பதில்தான் பாடகரின் திறமை இருக்கிறது.

இன்னொரு விஷயம் புதியவர்களைத் தடுமாற வைக்கும். குரலை ஏற்றி இறக்கி அழுகையோ கோபமோ காட்டும் பழக்கம் இதில் இல்லை. முகத்தில் நடிப்பு இல்லை. பலர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். எவ்வளவு பெரிய துக்கமானாலும் ஒரே அளவு சத்தம். கடைசி வரியின் கடைசிச் சொற்களைப் பாடாமல் பேச்சுக் குரலில் சட்டென்று சொல்லி முடித்துவிடுவதும் உண்டு. முதல்முறை கேட்கும்போது அது கத்தரித்ததுபோல இருக்கும். "பதிவு நின்றுவிட்டதா?" என்று நம் குழுவில் கேட்டவருக்கு இதுதான் பதில்.

அவர் உண்மையில் தனியாகத்தான் பாடினாரா? கூடப் பாடியவர்கள், வாசித்தவர்கள் என்று யாரும் இல்லையா?

மேடையில் பெரும்பாலும் தனியாள்தான். ஆனால் தனியாகப் பாடுவது வேறு, தனித்து இருப்பது வேறு. கானமாராவில் ஒருவர் உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொள்வார். கிணற்று ராட்டினம் சுற்றுவதுபோல அந்தக் கை பாட்டின் போக்கில் மெல்லச் சுழலும். பாட்டு முடியும்வரை விடமாட்டார். வரிக்கு வரி "ஆஹா, நல்லா இருப்பே" என்கிற மாதிரி மெல்லிய குரல்கள் வந்துகொண்டே இருக்கும். பக்கவாத்தியம் என்று ஒன்று இருந்ததென்றால் அதுதான்.

அப்புறம், அவர் பாடும் முறையிலேயே ஒரு சுருதி ஒளிந்திருக்கிறது. மூக்கின் வழியாக வரும் ஒரு ரீங்காரம். 'நியா' என்று அதற்கு ஒரு சொல் வைத்திருந்தார். பாடுகிறவரின் மனசுக்குள் பைப்ஸ் என்ற துருத்தி வாத்தியத்தின் சுருதி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. சொற்களுக்கு நடுவே 'ங்' என்று ஒலி நிற்கும் இடங்களைக் கவனித்தால் அது நமக்கும் கேட்கும். வெளியில் இருந்து அவரோடு சேர்ந்தவர்களைப் பற்றிக் கீழே வருகிறேன். ஆள் கொஞ்சநஞ்சம் இல்லை.

குரு யார்?

அப்பா. பாட்டுக் களஞ்சியம் மாதிரி இருந்தவர். பாட்டி, அத்தை வகையறா, அண்டை வீட்டார் எல்லோரும் சேர்த்தி. ஹீனி ஐந்நூறுக்கும் மேல் பாட்டு வைத்திருந்ததாகச் சொல்வார்கள். கார்னாவைத் தெரிந்துகொண்டால் இந்த எண் பெரிதாகத் தோன்றாது. பாறையும் சதுப்பும் கடலும்தான் அந்த ஊர். விளைச்சல் சொற்பம். பாட்டு மட்டும் கொட்டிக் கிடந்தது.

1942இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஷேமஸ் எனிஸ் என்ற இளைஞரைப் பாட்டுச் சேகரிக்க அனுப்பியது. சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர். கார்னா வட்டாரத்தில், கோலம் ஓ கீயான் என்ற ஒரே ஒரு குடியானவரிடமிருந்து மட்டும் அவர் எழுதி எடுத்த பாட்டும் மெட்டும் இருநூறுக்கு மேல். ஹீனி வளர்ந்தது இந்த மாதிரி ஆட்களுக்கு நடுவே. எனிஸ் நல்ல பைப்ஸ் வாத்தியக்காரரும்கூட. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், முப்பத்தேழு வருடம் கழித்துத் திரும்ப வருவார்.

ஹீனி சிறுவயதில் கூச்ச சுபாவம் உள்ளவர். இருபது வயதுவரை வெளியாள் முன்னால் பாடியதில்லை. அதற்குப் பிறகு டப்ளினில் நடந்த ஐராக்தஸ் போட்டிகளில் பரிசு வாங்கத் தொடங்கினார்.

பாட்டைவிட முன்னுரை நீளமாக இருக்கிறதே?

அதைத் தள்ளிவிட்டுக் கேட்காதீர்கள். இந்தப் பாடல்கள் கதையை முழுசாகச் சொல்வதில்லை. ஊரில் கேட்பவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும். யார் யாரைக் காதலித்தார்கள், படகு எங்கே கவிழ்ந்தது என்பதெல்லாம் வீட்டுக் கதை. பாட்டு அந்தக் கதையின் உச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் வெளியாள் முன்னால் பாடும்போது, பாட்டின் பின்னால் இருக்கும் கதையை முதலில் சொல்வது மரபு. ஹீனி அதில் கறார். கதை தெரியாமல் பாடுவது பாட்டே இல்லை என்ற அளவுக்குப் போவார்.

ஐரிஷ் மொழியில் 'பாட்டுப் பாடு' என்று கேட்பதில்லை. "அபிர் அவ்ரான்" என்பார்கள். நேர்ப்பொருள்: ஒரு பாட்டுச் சொல். அவர் பாடுவதைக் கேட்டால் அந்த வினைச்சொல் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

ஒரே ஒரு பாட்டு கேட்க நேரம் இருந்தால் எது?

'மூன்று மரியாள்களின் புலம்பல்'. ஐரிஷ் தலைப்பு 'கீனா நா த்ரீ முர்யே'. பெரிய வெள்ளிக்கிழமையை ஒட்டிக் கானமாராப் பெண்கள் வீட்டில் பாடிவந்த ஒப்பாரி. கோயிலுக்குள் பாடும் பாட்டு கிடையாது, அடுப்படிப் பாட்டு.

இயேசுவின் தாய் மரியாள், சீடர் பேதுருவிடம் கேட்பதில் தொடங்கும்: என் செல்லத்தைப் பார்த்தாயா? பேதுரு சொல்வார்: கொஞ்சம் முன்னால் பார்த்தேன், பகைவர்கள் நடுவே இருந்தான். பிறகு காயப்பட்ட உடலைப் பார்த்து அந்தத் தாய் கேட்கும் கேள்விகள் வரும்: நான் சுமந்த பிள்ளையா இது? நான் பாலூட்டி வளர்த்த பிள்ளையா இது? ஒவ்வொரு வரிக்கும் பின்னால் "ஓஹோன் ஓ" என்ற அரற்றல் திரும்பத் திரும்ப வரும். ஹீனி அந்த அரற்றலை எந்தச் சுற்றிலும் பெரிதாக்குவதில்லை. பத்தாவது தடவையும் முதல் தடவை போலவே வந்து நிற்கும். கேட்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கும். வீட்டு வேலை செய்துகொண்டே இதை ஓடவிட்டேன். பாதியில் பாத்திரத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மொழி ஒரு சொல்கூடப் புரியவில்லை.

இத்தனைக்கும் அந்த ஊர்களில் ஆண்கள் இதை வெளியில் பாடும் வழக்கம் அதிகம் இல்லை. பெண்களின் பாட்டை அமெரிக்க மேடைவரை கொண்டுபோய், அதைத் தன் அடையாளப் பாட்டாகவே ஆக்கிக்கொண்டார் அவர்.

ஊரை விட்டு ஏன் போனார்?

எல்லோரும் போன அதே காரணம்தான், வேலை. 1940களின் பிற்பாதியில் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்குக்குப் போனார். அங்கே கல்யாணம், பிள்ளைகள். பிறகு அந்தக் குடும்பத்தை விட்டுப் பிரிந்து லண்டன் போனார். அவரைத் துறவி மாதிரி வர்ணிக்கும் கட்டுரைகள் இந்தப் பகுதியை ஓரமாகத் தள்ளிவிடும். பாட்டு பெரியது என்பதற்காக, பின்னால் விடப்பட்டவர்கள் இல்லாமல் போய்விட மாட்டார்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

லண்டனில் யாரோடு சேர்ந்தார்?

பகலில் கட்டட வேலை, ராத்திரி பாட்டு. அந்தக் காலத்து லண்டனில் ஐரிஷ் கூலிகள் கூடும் மதுக்கடைகள்தான் அவர்களுடைய சபா.

இன்னொரு பக்கம் ஈவன் மக்காலும் பெகி சீகரும் இருந்தார்கள். மக்கால் ஸ்காட்டியப் பெற்றோருக்குப் பிறந்தவர், இடதுசாரி, பாட்டெழுதி, நாடகக்காரர். பெகி அமெரிக்கர், நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகருக்கு ஒரே தந்தைவழித் தங்கை. இவர்கள் நடத்திய சிங்கர்ஸ் கிளப்பில் ஒரு விதி உண்டு: அவரவர் மொழியின், அவரவர் மண்ணின் பாட்டை மட்டுமே பாட வேண்டும். சிகாகோ ப்ளூஸை லண்டன் பையன் பாடினால் முகம் சுளிப்பார்கள். பலரை எரிச்சலூட்டிய விதி. ஹீனிக்கு அது விதியாகவே தெரிந்திருக்காது. அவரிடம் இருந்ததே அந்தப் பாட்டுதான்.

1964இல் இருவரும் அவரை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசவும் பாடவும் வைத்துப் பதிவு செய்தார்கள். ஒரு பாடகர் தன் தொழிலைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசிய பதிவுகள் அபூர்வம். எந்த இடத்தில் சுழிப்பு வைக்கிறாய், ஏன் அங்கே வைக்கிறாய் என்று மக்கால் வக்கீல் மாதிரி குடைவார். ஹீனி சில சமயம் விளக்குவார், சில சமயம் பாடிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். முந்தைய வருடம், 1963இல், டாபிக் நிறுவனம் அவருடைய ஐரிஷ், ஆங்கிலப் பாடல்களை ஓர் இசைத்தட்டாக வெளியிட்டிருந்தது.

டப்ளினர்ஸ் குழுவுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. ரோனி ட்ரூ, லூக் கெல்லி ஆகியோர் இருந்த தாடிக்காரக் குழு அது. டப்ளின் ஓடனஹூஸ் மதுக்கடையில் உருவானது. கிட்டாரும் பாஞ்சோவும் வைத்து முழங்குகிறவர்கள். ஹீனியிடமிருந்து பாட்டுக் கற்றார்கள். அப்படிக் கற்றதில் ஒன்றுதான் 'செவன் ட்ரங்கன் நைட்ஸ்', அதாவது ஏழு குடிகார இரவுகள்.

கதை இதுதான். குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் கணவன், வாசலில் யாருடையதோ ஒரு குதிரை நிற்பதைப் பார்க்கிறான். யாருடையது என்று கேட்டால், குடிகார மட்டையே, அது எங்கம்மா அனுப்பிய பன்றி என்கிறாள் மனைவி. நூறு மைல் சுற்றிவிட்டேன், சேணம் போட்ட பன்றியை இன்றுதான் பார்க்கிறேன் என்கிறான் இவன். மறுநாள் கதவுக்குப் பின்னால் ஒரு கோட்டு. அது போர்வையாம், ஆனால் பொத்தான் இருக்கிறது. அடுத்து நாற்காலியில் புகைக்குழாய். அது ஊதுகுழலாம், உள்ளே புகையிலை. பிறகு பூட்ஸ், அவை பூந்தொட்டிகளாம், ஆனால் நாடா கட்டியிருக்கிறது. ஐந்தாம் இரவு கட்டிலில் ஒரு தலை. அது கைக்குழந்தை என்கிறாள். மீசை வைத்த குழந்தையை இவன் பார்த்ததே இல்லை.

இது ஐரோப்பா முழுக்கப் பல மொழிகளில் உலவும் பழைய கதைப்பாட்டு. டப்ளினர்ஸ் 1967இல் இதை வெளியிட்டார்கள். அயர்லாந்தின் அரசு வானொலி ஒலிபரப்ப மறுத்தது. கடலில் கப்பலை நிறுத்தி ஒலிபரப்பிய ரேடியோ கரோலைன் விடாமல் போட்டது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 7ஆம் இடம்வரை போனது. வேடிக்கை என்னவென்றால், ரோனி ட்ரூவின் கரகரத்த குரலில் அந்தப் பாட்டு தொலைக்காட்சியில் முழங்கிய அந்த வருடம், அதைக் கொடுத்தவர் நியூயார்க்கில் சீருடை போட்டுக் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியம் என்றாலே பிடிக்காதாமே?

வாத்தியத்தின் மேல் வெறுப்பு இல்லை. பாட்டுக்கு அடியில் கிட்டார் தாளம் போடுவதுதான் பிடிக்காது. தாளம் வந்தால் சொல்லை நீட்ட முடியாது, குறுக்க முடியாது. அவருடைய கலை முழுக்க அந்த நீட்டலிலும் குறுக்கலிலும்தான் இருக்கிறது. மற்றபடி வாத்தியக்காரர்களோடு நன்றாகவே பழகினார். புல்லாங்குழல் கலைஞர் கேப் ஓசல்லிவனோடு சேர்ந்து 1979இல் கிரீன் லினெட் நிறுவனத்துக்காக ஓர் இசைத்தட்டே வெளியிட்டார். நடன மெட்டுகளை வாயாலேயே, அர்த்தமில்லாத அசைகளைக் கொண்டு பாடிக் காட்டுவதிலும் கெட்டிக்காரர். வாத்தியம் வாங்க வழியில்லாத வீட்டில் ஆட்டத்துக்கு அப்படித்தான் பாடுவார்கள். அதில் தாளம் கடிகாரம் மாதிரி நிற்கும். தாளம் வராததால் தாளம் இல்லாமல் பாடுகிறார் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கேளுங்கள்.

அமெரிக்காவுக்கு எப்படிப் போனார்?

1965இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவுக்கு அழைத்தார்கள். பாப் டிலன் மின்கிட்டாரோடு மேடையேறி ரகளையான அதே விழா. ஒரு மேடையில் ஒலிபெருக்கி அலற, அதே விழாவில் இன்னொரு மனிதர் வாத்தியமே இல்லாமல் கண்மூடிப் பாடியிருக்கிறார். வரலாறு முதலாவதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது.

அடுத்த வருடம் நியூயார்க்கிலேயே குடியேறிவிட்டார். மன்ஹாட்டனில் சென்ட்ரல் பார்க்கின் மேற்குப் பக்கம், பணக்காரர்கள் வாழும் கட்டடத்தில் வாயிற்காவலர் வேலை. கதவு திறப்பது, டாக்சி கூப்பிடுவது. அங்கே குடியிருந்தவர்களில் தொலைக்காட்சிப் பிரபலம் மெர்வ் கிரிஃபினும் ஒருவர். காவலர் பாடகர் என்று தெரிந்து, புனித பாட்ரிக் தினத்துக்குத் தன் நிகழ்ச்சியில் பாடவைத்தார். மறுநாள் அவர் மறுபடி கதவு திறக்கப் போனார்.

இதைச் சோகக் கதையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கானமாராவில் அவருக்குப் பாட்டுக் கொடுத்த ஒருவர்கூடப் பாட்டால் பிழைத்தவர் கிடையாது. கடலில் வலை, கரையில் உருளைக்கிழங்கு, ராத்திரி பாட்டு. வேலை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்பது அவர்களுக்குப் புதிது அல்ல. அவமானம் என்று ஒன்று இருந்தால், அவ்வளவு பெரிய பாடகருக்குச் சொந்த நாட்டில் உட்கார ஒரு நாற்காலி போடாதவர்களுக்குத்தான்.

ஜான் கேஜோடும் சேர்ந்து வேலை செய்தாராமே? அந்த நவீன இசைக்காரரா? அவருக்கு இவரோடு என்ன வேலை?

அவரேதான். நான்கரை நிமிடம் எதுவும் வாசிக்காமல் உட்காரும் இசைத்துண்டை எழுதிய அதே கேஜ். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டுகிறேன்.

மேற்கு ஜெர்மன் வானொலி கேட்டுக்கொண்டதற்காக 1979இல் கேஜ் 'ரோராடோரியோ' என்ற படைப்பைச் செய்தார். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஃபின்னெகன்ஸ் வேக்' நாவல்தான் அடிப்படை. நாவலில் வரும் இடங்களில் பதிவு செய்த ஒலிகள், நாவல் குறிப்பிடும் சத்தங்கள், குழந்தை அழுகை, நாய், மணி, தண்ணீர் எல்லாவற்றையும் பாரிஸில் ஒரு மணிநேர நாடாவாக அடுக்கினார். அதன்மேல் நாவலிலிருந்து தான் பிரித்தெடுத்த சொற்களைத் தானே ஓதினார். அதன்மேல் ஐரிஷ் இசைக்கலைஞர்கள். கேஜ் இதை 'சர்க்கஸ்' என்றார்: எல்லோரும் ஒரே நேரத்தில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், அவரவர் வித்தையைச் செய்ய வேண்டும்.

வாசித்தவர்கள் பட்டியலைப் பாருங்கள். குழல் மேட் மலாய். ஃபிடில் பேடி கிளாக்கின். பௌரான் என்ற தோல் முரசில் பீடர் மெர்சியரும் மகன் மெல் மெர்சியரும். பைப்ஸ் வாசித்தவர் ஷேமஸ் எனிஸ். ஆமாம், 1942இல் சைக்கிளில் கார்னாவுக்கு வந்த அதே எனிஸ். பாடியவர் ஜோ ஹீனி.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விசித்திரக் கூட்டணி. யோசித்துப் பார்த்தால், அவருக்கு வாய்த்த கூட்டுகளிலேயே இதுதான் மிகப் பொருத்தம். கிட்டார்க்காரர் ஒருவர் கூட நின்றால் இவர் அவருடைய தாளத்துக்கு இறங்கி வர வேண்டும். கேஜ் எதையும் மாற்றச் சொல்லவில்லை. உங்கள் பாட்டை, உங்கள் வேகத்தில், பக்கத்தில் என்ன நடந்தாலும் பாடுங்கள் என்றார். இவர் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்ததும் அதுதானே. அந்த ஒலிக் குப்பைக்கு நடுவே ஹீனியின் குரல் அசையாமல் போவதைக் கேட்பது தனி அனுபவம். சந்தைக்கடை இரைச்சலில் ஒருவர் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டு நடப்பதுபோல இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்? ஷான்-நோஸை வகுப்பில் கற்க முடியுமா?

முதலில் கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகம், பிறகு 1982 முதல் இறக்கும்வரை சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம். இசையியல் துறையில் வருகைதரு கலைஞர். பள்ளிப்படிப்பைத் தாண்டாத மனிதருக்கு வாயிற்கதவிலிருந்து வகுப்பறைக்கு ஒரு தாவல்.

குறிப்பெழுதிப் பாடம் நடத்தியவர் கிடையாது. வரி வரியாகப் பாடுவார், மாணவர்கள் திருப்பிப் பாடுவார்கள். தொல்லை என்னவென்றால், திருப்பிக் கேட்டால் அவர் அதே மாதிரி பாட மாட்டார். சுழிப்பு இடம் மாறியிருக்கும். அதுவே பாடம். அவரிடம் படித்தவர்களில் சிலர் பின்னாளில் பேராசிரியர்களாகி இந்த மரபைப் பற்றி ஆய்வு செய்தார்கள். அந்த வருடங்களில் பதிவான நாடாக்கள் அதே பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பலவற்றை இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம்.

விருது ஏதாவது?

1982இல் அமெரிக்க அரசு நாட்டார் கலைஞர்களுக்குத் தேசிய மரபு விருதைத் தொடங்கியது. முதல் வருடம் வாங்கிய பதினைந்து பேரில் இவரும் ஒருவர். கூட வாங்கியவர்களில் பில் மன்ரோ, சானி டெரி, பிரவுனி மகீ, லிடியா மெண்டோசா போன்ற அமெரிக்க நாட்டார் இசையின் பெரிய பெயர்கள் உண்டு. அந்த வரிசையில் ஒரு ஐரிஷ் வாயிற்காவலர்.

அவர் சொல்லும் கதைகளெல்லாம் உண்மையா?

கதைசொல்லியின் கதைகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 'தி ராக்ஸ் ஆஃப் பான்' என்ற ஆங்கிலப் பாட்டு. பாறை மண்டிய தரிசை உழ முடியாமல் தவிக்கும் ஒரு பண்ணையாளின் புலம்பல். 17ஆம் நூற்றாண்டில், மன்னராட்சியை ஒழித்து இங்கிலாந்தை ஆண்ட குரோம்வெல் நல்ல நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு மக்களை மேற்கே பாறைக்காட்டுக்குத் துரத்தியதைப் பற்றிய பாட்டு இது என்று ஹீனி சொல்வார். ஆனால் பாட்டின் கடைசியில் அந்த ஆள், இங்கிலாந்து ராணி என்னைப் பட்டாளத்துக்கு அழைத்துக்கொள்ள மாட்டாளா என்று ஏங்குகிறான். குரோம்வெல் காலத்தில் ராணி ஏது? பாட்டின் சொற்கள் விக்டோரியா காலத்தைத்தான் காட்டுகின்றன.

அதற்காக அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டு மேடையில் மூன்று நிமிடத்தில் ஒரு ஊரின் இருநூறு வருடக் கோபத்தைப் புரியவைக்க வேண்டும்; அதற்குக் குரோம்வெல் பெயர் கைகொடுத்தது. அமெரிக்கக் கேட்போர் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். கூச்ச சுபாவமுள்ள கிராமத்துக் கிழவர் என்று நினைத்து ஏமாறாதீர்கள். மேடையை அளந்து வைத்திருந்த ஆள்.

எங்கிருந்து தொடங்குவது? மொழி தெரியாதே.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் 'தி ராக்ஸ் ஆஃப் பான்', 'ரெட் இஸ் தி ரோஸ்' இரண்டையும் முதலில் கேளுங்கள். சொல் புரிகிற பாட்டில் அவர் எங்கே நீட்டுகிறார், எங்கே விழுங்குகிறார் என்று பழகிக்கொண்டால், பிறகு ஐரிஷ் பாடல்களுக்குப் போவது எளிது. அடுத்து 'ரோஷீன் டூ'. அதற்குப் பிறகு மேலே சொன்ன புலம்பல். கேல் லின் நிறுவனம் 1971இலும் 1976இலும் வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளும் நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டியவை. ஒரே மூச்சில் பத்துப் பாட்டு வேண்டாம். நாளைக்கு ஒன்று போதும்.

ஒரு எச்சரிக்கை: பேருந்தில், போக்குவரத்துச் சத்தத்தில் கேட்காதீர்கள். நான் முதல்முறை அப்படிக் கேட்டுவிட்டு, யாரோ வழி தவறியவர் முனகுவதுபோல இருக்கிறது என்று நினைத்து நிறுத்தியவன்.

எங்கே அடக்கம்?

கார்னா பக்கத்தில், கடலோரம் உள்ள மய்ரஸ் கல்லறைத் தோட்டத்தில். நுரையீரல் நோயால் சியாட்டிலில் இறந்தார், உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வருடாவருடம் மே மாதத் தொடக்கத்தில் அவர் பெயரில் கார்னாவில் விழா எடுக்கிறார்கள்.

டப்ளினர்ஸ் ஐந்து இரவுகளோடு நிறுத்திவிடுகிறார்களே, ஆறாவதும் ஏழாவதும் என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. இருக்கின்றன. வேறு பாடகர்களின் வடிவங்களில் தேடினால் கிடைக்கும். ஐந்தோடு நிறுத்தியதற்கே வானொலி கதவைச் சாத்தியது என்றால், மிச்ச இரண்டிலும் வருவது பன்றியும் பூந்தொட்டியும் இல்லை என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். நம் குழுவில் என் சித்தப்பாவும் இருக்கிறார். அதனால் நான் போட மாட்டேன்.